ரேவதி முடியும்வரை

கடலூரில் ஒரு வீட்டுக்கு என்ன வாடகை சொல்லலாம் என்று யாராவது கேட்டால் நான் திருப்பி மூன்று கேள்வி கேட்பேன். தண்ணீர் உப்பா, நல்ல தண்ணீரா? பைக் நிறுத்த இடம் உண்டா? அந்த வீட்டில் கடைசியாக யார் செத்தார்கள், எந்த நட்சத்திரத்தில்? முதல் இரண்டையும் எந்த புரோக்கரும் கேட்பான். மூன்றாவதைக் கேட்கத் தெரிந்ததால்தான் மரிய ஜோசப் என்ற என் பெயர் மஞ்சக்குப்பத்திலிருந்து சிதம்பரம் வரைக்கும் நாலு பேருக்குத் தெரியும்.

நான் வேதக்காரன். எனக்கு நட்சத்திரமும் கிடையாது, ஜாதகமும் கிடையாது. ஆனால் வீட்டு ஓனர்களுக்கு உண்டு. அவிட்டம், சதயம், பூரட்டாதி, உத்திரட்டாதி, ரேவதி என்று வரிசையாக வருகிற ஐந்து நட்சத்திரத்தில் எதில் ஒருவர் வீட்டில் இறந்தாலும் அந்த வீட்டை ஆறு மாதம் பூட்டிப் போட வேண்டும். அதற்கு அடைப்பு என்று பேர். மீறிக் குடியிருந்தால் அதே கூரைக்குக் கீழே இன்னொரு உயிர் போகும் என்று பயம். சொந்த வீடென்றால் ஒரு அறையைப் பூட்டிவிட்டு மற்றதில் ஒண்டிக்கொள்வார்கள். வாடகை வீடென்றால் மொத்தமும் போயிற்று. ஆறு மாத வாடகை அம்போ.

என் பிழைப்பு அங்கேதான் இருந்தது. ஓனர் வெளியூரில் இருந்தால் அடைப்பு வீட்டுக்குப் பாதி வாடகைக்கு ஆள் பிடித்துக் கொடுப்பேன். எங்கள் ஜனம், பரங்கிப்பேட்டை பாய்மார், அண்ணாமலை நகரில் படிக்க வருகிற வடநாட்டுப் பிள்ளைகள், இவர்கள் யாரும் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. அதே காம்பவுண்டில் குடியிருக்கிற ஓனரிடம் மட்டும் இந்தப் பேச்சை எடுக்கவே கூடாது. அவர்களுக்குப் பயம் காசைவிடப் பெரியது. என் பைக் பெட்டியில் இரண்டு பஞ்சாங்கம் கிடக்கும், வாக்கியம் ஒன்று, திருக்கணிதம் ஒன்று. நட்சத்திரம் முடிகிற நேரம் இரண்டிலும் சில மணி முன்பின்னாக இருக்கும். எது எனக்கு லாபமோ அதைப் பிரித்துக் காட்டுவேன். தொழில் என்று வந்துவிட்டால் இதெல்லாம் பாவத்தில் சேராது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

2007இல் சிதம்பரத்தில் விஸ்வேஸ்வரன் என்று ஒரு ஓனர். அவருடைய போர்ஷனில் குடியிருந்தவரின் தாயார் இருசம்மாள் இழுத்துக்கொண்டு கிடந்தார். அவிட்டம் பிறப்பதற்குள் ஆஸ்பத்திரிக்கு மாற்றச் சொல்லுங்கள் என்று ஓனருக்கு யோசனை சொன்னதே நான்தான். ஆட்டோவில் தூக்கி வைத்தபோது அந்த அம்மாள், "எப்ப ஊட்டுக்குத் திரும்பி வருவோம்?" என்று கேட்டார். நான் ஆட்டோக்காரனிடம் ரேட் பேசிக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியிலேயே முடிந்துவிட்டது. விஸ்வேஸ்வரன் எனக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுத்தார். நல்ல வேட்டிதான், கிறிஸ்துமஸுக்குக் கட்டினேன்.

2010 ஜனவரியில் என் மனைவி வியாகுலமேரியை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். வயிற்றில் புற்று. இனிமேல் ஊசியும் வேண்டாம், மருந்தும் வேண்டாம், வலிக்கு மட்டும் மாத்திரை என்றார்கள். நாங்கள் மஞ்சக்குப்பத்தில் சிவகாமு அக்காவின் வீட்டு மாடியில் பதினோரு வருஷமாக வாடகைக்கு இருந்தோம். இரண்டாயிரத்து எண்ணூறு வாடகை. அந்த ஏரியாவில் அந்த மாதிரி வீட்டை நான் நாலாயிரத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு விடுவேன். அக்கா ஏற்றிக் கேட்டதில்லை. வேனிலிருந்து மேரியை நாற்காலியில் உட்காரவைத்து மாடிக்குத் தூக்கினோம். கட்டிலில் படுத்ததும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னாங்க, திரும்ப என்னை அங்க தூக்கிகினு போவாதீங்க. எது ஆனாலும் இங்கியே ஆவட்டும்."

சரி என்றேன். கையில் அடித்துச் சத்தியமும் செய்தேன். அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னமோ மாதிரி இருக்குமே, அந்த மாதம் முழுக்க எனக்கு அப்படித்தான் இருந்தது.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சிவகாமு அக்கா மாடிக்கு வந்தார். சிதம்பரம் கீழ வீதியில் பிறந்து வளர்ந்தவர். கணவர் போய்ச் சேர்ந்த பிறகு எங்கள் வாடகையில்தான் சாப்பாடு. கீழே அவருடைய மகள் வித்யாலட்சுமி ஏழு மாதக் கர்ப்பமாக வந்திருந்தாள். அக்கா மேரியின் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டார்.

"தம்பி, நான் எப்படிச் சொல்றதுன்னு தெரியில. நாளைக்கு மத்தியானத்துக்கு மேல அவிட்டம் பொறக்குது. வெள்ளிக்கிழமை பதினொண்ணு நாப்பதுக்குத்தான் ரேவதி முடியிது. கீழ வயித்துப்பிள்ளைக்காரி இருக்கா. அஞ்சே அஞ்சு நாளு, ஆஸ்பத்திரியில வச்சிட்டுக் கூட்டிகினு வந்துடேன்."

"அக்கா, திருக்கணிதத்துல காலையில ஆறு மணிக்கெல்லாம் ரேவதி முடிஞ்சிருது" என்றேன். வாய் தன்னால் தொழில் பேசியது.

"எங்க ஊருல வாக்கியந்தான் தம்பி."

வேறு வீடு பார்க்கிறேன் என்று கிளம்பினேன். ஊரில் எந்த வீடு காலி, எவ்வளவு நாளாகக் காலி என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? முதலில் புதுப்பாளையத்தில் புதிதாக வந்த அபார்ட்மெண்டுக்குப் போனேன். அந்த ஃபிளாட்டுகளுக்கு லிஃப்ட் இருக்கிறது என்று முந்நூறு ரூபாய் கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். செக்ரட்டரி சடையப்பன் ரொம்பவும் யோசித்துத்தான் பேசினார்.

"குடுக்கலாம் ஜோசப்பு. ஆனா நம்ம லிஃப்ட்டு நாலு பேரு நிக்கிற லிஃப்ட்டு. படுக்கவச்சி எறக்க முடியாது. படியும் வளைஞ்சி வளைஞ்சி போவுது. எதுக்குச் சொல்றேன்னு புரியிதுல்ல?"

புரிந்தது. அடுத்து எங்கள் மாதா கோயில் பக்கத்தில் டேவிட் ராஜின் வீடு. ஒரே பங்கு, வீட்டுக்கு வீடு கூடி ஜெபிக்கிற அன்பியமும் ஒன்று. அவன் எனக்கு மச்சான் முறை வேண்டும். ஆயிரத்து எண்ணூறுக்கு இரண்டு மாதமாக ஆள் வராத வீடு.

"நம்மளுக்கு நட்சத்திரம் ஏது மச்சான்? எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா அடுத்து வர்றவன் பஞ்சாங்கத்தைத் தூக்கிகினு வருவானே! நீதான எல்லாருக்கும் சொல்லிக்குடுத்து வச்சிருக்க?"

அவன் குத்திக் காட்டவில்லை, உள்ளதைத்தான் சொன்னான். மறுநாள் பூசை முடிந்து குடிகாடு பக்கம் ஒரு வீட்டைப் போய்ப் பார்த்தேன். காற்று திரும்பினால் கெமிக்கல் வாடை வரும் என்று ஆயிரத்துக்குக்கூடப் போகாத வீடு. அந்த ஓனர் எதுவும் கேட்காமல் சாவியை எடுத்துக் கொடுத்தார். உள்ளே நின்று மூச்சை இழுத்துப் பார்த்தேன். மேரிக்கு இருப்பதே பாதி மூச்சு. சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சிதம்பரத்தில் எனக்குத் தெரிந்தே இரண்டு அடைப்பு வீடு பாதி வாடகைக்குக் கிடந்தது. அங்கே போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் வேனில் குலுங்க வேண்டும், அவள் தாங்க மாட்டாள்.

பதினைந்து வருஷத்தில் எத்தனையோ குடும்பத்துக்கு வீடு பிடித்துக் கொடுத்திருக்கிறேன். ஒரு மனுஷி கண்ணை மூட ஒரு அறை எனக்கே கிடைக்கவில்லை. எனக்கு யார் மேலும் கோபம் வரவில்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டுக்கு வீட்டுக்கு வந்து சிவகாமு அக்காவிடம் உள்ளதைச் சொன்னேன். சத்தியம் செய்துவிட்டேன், தூக்க மாட்டேன் என்றேன். அக்கா புடவைத் தலைப்பைச் சுருட்டி இடுப்பில் செருகினார்.

"சரி, இருக்கட்டும். ஆனா வெள்ளிக்கிழமைக்குள்ள ஒண்ணு ஆயிட்டா மொத்த வீட்டையும் பூட்டிட்டு நான் பொண்ணக் கூட்டிகினு சிதம்பரம் போயிடுவேன். நீயும் பாப்பாவும் அன்னிக்கே கெளம்பிடணும். அப்ப வந்து என்னைக் குத்தம் சொல்லக்கூடாது."

சரி என்றேன். பாப்பா என்றது என் மகள் சிந்தியாவை. பிளஸ் டூ. மார்ச் ஒன்றாம் தேதி பப்ளிக் எக்ஸாம். வெள்ளிக்கிழமைக்கும் பரீட்சைக்கும் நடுவில் பத்தே நாள். அம்மாவையும் இழந்து, வீட்டையும் இழந்து, புத்தகப் பையோடு எந்த வாசலில் போய் நிற்பாள்? எனக்கு அந்த ஒரு கணக்கு மட்டும்தான் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது.

ஐந்து நாளும் மேரியின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிழைத்து எழ வேண்டும் என்று கேட்கவில்லை. வெள்ளி பதினொன்று நாற்பது வரைக்கும் இரு என்றுதான் கேட்டேன். ஜெபமாலையை உருட்டும்போதும் அதைத்தான் கேட்டேன். சாம்பல் புதனன்று பங்குச் சாமியார் வீட்டுக்கே வந்து அவளுக்கு நெற்றியில் சாம்பல் பூசி, சாகக் கிடப்பவர்களுக்கு எண்ணெய் தொட்டுத் தருகிற அவஸ்தை பூசுதலும் கொடுத்துவிட்டுப் போனார். அவர் போனதும் நான் பஞ்சாங்கத்தை எடுத்து இன்னும் எத்தனை மணி நேரம் என்று எண்ணினேன். நாற்பத்தெட்டுக்குப் பக்கம் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு சிந்தியா கம்ப்யூட்டர் பிராக்டிகலுக்குக் கிளம்பினாள். அம்மாவின் காதருகே குனிந்து, "எக்ஸாமுக்குப் போயிட்டு வர்றேம்மா" என்றாள். மேரி கண்ணைத் திறக்கவில்லை, இமை மட்டும் அசைந்தது. பள்ளிக்கூடம் பத்து நிமிஷ நடை.

மேரியின் உயிர் ஒன்பது பத்துக்குப் போனது. பெரிய அவஸ்தை ஒன்றும் இல்லை. ஒரு மூச்சு வெளியே வந்தது, அடுத்தது உள்ளே போகவில்லை. நான் முதலில் பார்த்தது சுவர்க் கடிகாரத்தை. அவள் முகத்தை அதற்குப் பிறகுதான் பார்த்தேன். இருபது வருஷம் கூட வாழ்ந்தவள் போன நிமிஷத்தில் நான் மணி பார்த்தேன் என்பதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

திருக்கணிதப்படி அடைப்பே இல்லை. வாக்கியப்படி இன்னும் இரண்டரை மணி நேரம் இருந்தது.

கண்ணை மூடிவிட்டேன். வாய் திறந்திருந்தது. தாடையைத் துணியால் கட்ட வேண்டும். கட்டினால் யார் எட்டிப் பார்த்தாலும் தெரிந்துவிடும். கட்டாமல் விட்டால் அப்படியே விறைத்துப் போகும். சாவு வீடுகளுக்கு நட்சத்திரம் கேட்கப் போய்ப் போய் எனக்கு இதெல்லாம் அத்துப்படி. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு என் இடது கையை அவள் தாடைக்குக் கீழே கொடுத்து வாயை மூடிப் பிடித்தபடி உட்கார்ந்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் கன்னத்தைத் தாங்கிக் கொஞ்சுகிற மாதிரி இருக்கும்.

ஒன்பதரைக்கு போன் அடித்தது. மூச்சுச் சத்தமும் நின்றுபோன வீட்டில் அது பெரிய சத்தம். யாராவது மாடிக்கு வந்துவிடுவார்கள் என்று வலது கையால் எடுத்தேன். ராஜகணேஷ் என்று ஒரு லெக்சரர், அண்ணாமலை நகர் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுக் கடலூருக்கு வரப் பார்க்கிறார்.

"மஞ்சக்குப்பம் பக்கம் ரெண்டு பெட்ரூம், மூவாயிரத்து ஐநூறுக்குள்ள எதாச்சும் இருக்கா சார்?"

"ஒண்ணு இருக்கு சார். நல்ல தண்ணி. பைக் ரெண்டு நிறுத்தலாம். மூவாயிரத்து எண்ணூறு சொல்றாங்க, நான் பேசி எறக்கித் தர்றேன். பத்து மாசம் அட்வான்ஸ்."

"பத்து மாசமா? ஜாஸ்தியா இருக்கே. சரி, அந்த வீட்டுல சாவு கீவு ஒண்ணும் ஆவலியே? எங்க வீட்டுல அதெல்லாம் பாப்பாங்க."

"இல்ல சார். சுத்தமான வீடு. மத்தியானம் போட்டுப் பேசறேன்."

குரல் நடுங்கவே இல்லை. போனை வைத்த பிறகு, இப்போது பேசினது நான்தானா என்று எனக்கே சந்தேகம் வந்தது. மேரியின் கன்னம் கைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் சில்லிட்டுக்கொண்டு வந்தது.

பத்து மணி சுமாருக்கு சிவகாமு அக்கா இளநீரை டம்ளரில் ஊற்றி எடுத்துக்கொண்டு படியேறி வந்தார். வாசலிலேயே நிறுத்திவிட வேண்டும் என்று அவசரமாகச் சொன்னேன்.

"தூங்கறா அக்கா."

அக்கா நிலைப்படியில் நின்று பார்த்தார். முதலில் மேரியைப் பார்த்தார், பிறகு என் கையைப் பார்த்தார். தாடைக்குக் கீழே கை எதற்கு என்று, தன் கணவரையும் மாமனாரையும் குளிப்பாட்டி அனுப்பிய பொம்பளைக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா? சுவரோரம் அடுக்கியிருந்த சிந்தியாவின் பரீட்சைப் புத்தகங்களையும் ஒரு முறை பார்த்தார்.

"தூங்கட்டும்" என்றார்.

டம்ளரை ஜன்னலில் வைத்தார். கதவைப் பாதி சாத்தினார். ஆனால் கீழே போகவில்லை. படிக்கட்டின் மேல்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பத்தரைக்குப் பால்காரம்மா வந்து, மேரி எப்படியிருக்கு என்று கீழேயிருந்து குரல் கொடுத்தாள். "தூங்கிகினு இருக்கா, சத்தம் போடாத" என்று அக்காவே விரட்டினார். கீழே வித்யாலட்சுமி என்னவோ கேட்டாள். மேலே வரவேண்டாம் என்று அவளையும் அதட்டினார். ஒரு முறை மட்டும் திரும்பாமலே என்னிடம் கேட்டார்.

"மணி என்னா?"

"பதினொண்ணு அஞ்சு."

என் கை மரத்துவிட்டது. எங்கள் வழக்கப்படி உயிர் பிரிந்ததும் மண்டியிட்டு ஜெபம் சொல்ல வேண்டும், கோயிலுக்கு ஆள் அனுப்பி மணி அடிக்கச் சொல்ல வேண்டும். நான் நம்பாத ஒரு நட்சத்திரத்துக்காக அவளை ஜெபமில்லாமல் காக்க வைத்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. அந்த ஐந்து நாளில் எனக்குத் தெளிவாகத் தெரிந்த உணர்ச்சி அது ஒன்றுதான்.

பதினொன்று நாற்பது ஆனதும், "அக்கா" என்றேன்.

"இன்னும் அஞ்சு நிமிஷம் போவட்டும். கடியாரம் முன்ன பின்ன இருக்கும்."

ஐந்து நிமிஷம் போயிற்று. அக்கா எழுந்து உள்ளே வந்தார், தலைமுடியை அவிழ்த்துவிட்டார், மேரியின் காலைக் கட்டிக்கொண்டு, "அய்யோ மேரி, என்னை வுட்டுட்டுப் போயிட்டியே" என்று தெருவே திரும்பும்படி கத்தினார். நடிப்பு இல்லை. அத்தனை நேரமும் தொண்டையில் அடக்கிவைத்திருந்ததுதான் வெளியே வந்தது. நான் கையை எடுத்தேன். வாய் மூடியபடியே நின்றது.

தெரு ஜனம் கூடிவிட்டது. கோயில் மணி அடித்தது. ஒரு அம்மாள் மேரியின் கையைத் தொட்டுப் பார்த்து, "இப்பதான் போச்சுன்றீங்க, இப்புடி வெறச்சிருக்கே?" என்றாள். "ஒடம்புல ரத்தமே இல்லியேம்மா, வேற எப்படி இருக்கும்?" என்றார் அக்கா. அதோடு அந்தப் பேச்சு அடங்கியது.

சிந்தியாவைப் பக்கத்து வீட்டுக்காரர் போய் அழைத்து வந்தபோது பன்னிரண்டு பத்து. யூனிபார்மோடு வந்து அம்மாவின் கட்டிலுக்கு அருகில் நின்றாள். அழவில்லை. என்னைப் போலத்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"எப்பப்பா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னார். "பதினொண்ணே முக்காலும்மா. தூக்கத்துலியே போயிட்டா."

சிந்தியா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எனக்குப் பத்து மணிக்கே முடிஞ்சிருச்சுப்பா."

அவள் உட்கார நான் கட்டில் ஓரத்தில் இடம் விட்டேன்.

"பிரீதா பப்ஸ் வாங்கித் தர்றேன்னா. கேன்டீன்ல உக்காந்துட்டோம். ரொம்ப நேரம் சிரிச்சிகினு இருந்தேன்ப்பா. அம்மா தூங்கத்தான் செய்யும், மெதுவாப் போலாம்னு நெனச்சேன்." அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "பத்து மணிக்கே வந்திருந்தா அம்மாவைப் பாத்திருக்கலாம்லப்பா? உயிரோட இருந்தாங்கல்ல?"

ஒரே ஒரு வரி சொன்னால் போதும். நீ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே அம்மா போய்விட்டாள், ஒன்பது பத்துக்கு, நீ ஓடி வந்திருந்தாலும் பார்த்திருக்க முடியாது. அந்த வரியைச் சொன்னால் அவள் பப்ஸ் தின்றது வெறும் பப்ஸ் தின்றதாகிவிடும். சொல்லாவிட்டால் ஆயுசுக்கும் அது தொண்டையிலேயே நிற்கும். சுற்றிலும் தெரு ஜனம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. வித்யாலட்சுமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்து வாசலில் நின்றாள். அக்கா சிந்தியாவின் தலையைத் தடவிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"சொல்லுங்கப்பா. பத்து மணிக்கு அம்மா இருந்தாங்களா?"

"இருந்தா பாப்பா" என்றேன்.

அவள் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். நான் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டேன்.